ரேஸ் மைதானத்தில் காலி நாற்காலிகள்

லோயர் பரேலில் எங்கள் ஆபீஸ் ஒரு புதுக் கட்டடத்தின் உயரமான மாடிக்கு மாறியபோது எனக்கு ஜன்னலோர மேஜை கிடைத்தது. கீழே பார்த்தால் மகாலட்சுமி ரேஸ் மைதானம் முழுசாகத் தெரியும். ஊரில் எல்லா இடமும் நெருக்கியடித்துக் கொண்டிருக்க, நடுவில் யாரோ ஒரு பச்சைத் தாம்பாளத்தை வைத்துவிட்டு எடுக்க மறந்ததுபோல இருக்கும். முதல் சில மாதங்கள் அதை நான் வெறும் காட்சியாகத்தான் பார்த்தேன். கணக்கு முடிக்கும் சமயத்தில் ஒரு சனிக்கிழமை மதியமும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அன்றுதான் முதல்முறையாகக் குதிரைகள் ஓடுவதைப் பார்த்தேன்.

அவ்வளவு உயரத்திலிருந்து குதிரைகள் ஒரு கைப்பிடி கடுகை உருட்டிவிட்ட மாதிரிதான் தெரிந்தன. வளைவில் திரும்பி, நீண்ட நேர்கோட்டில் வந்து, பார்வையாளர்கள் உட்காரும் ஸ்டாண்ட் முன்னால் ஓடி முடித்தன. ஸ்டாண்டின் படிகள் சாம்பல் நிறத்தில் அப்படியே கிடந்தன. அங்கங்கே சில புள்ளிகள், அவ்வளவுதான். இத்தனை ஏற்பாடும் யாருக்காக என்று எனக்கு விளங்கவில்லை.

பக்கத்து மேஜைக்காரி தாராவியில் பிறந்து வளர்ந்த பெண். அவள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். வீட்டில் பேசும் தமிழ் அவளுக்குச் சரளம், படிக்கச் சொன்னால் மட்டும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

"என்னக்கா, வெளியவே பாத்துட்டு இருக்கிய?" என்றாள்.

"ரேஸ் நடக்கிறது. பார்க்க ஆளே இல்லை."

அவள் எழுந்து வந்து கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தாள். "எங்க அப்பா அங்கனதான் இருப்பாவ. கையக் காட்டுங்க, பாக்காவளான்னு பாப்போம்" என்று சிரித்தாள்.

"அப்பா ரேஸுக்குப் போவாரா?"

"சீசன்ல ஒண்ணு விடமாட்டாவ. நான் ஒருக்கா கூடப் போனேன். ஓடுறது ரெண்டு நிமிசம், அடுத்ததுக்கு அரை மணி நேரம் உக்காரணும். யாருக்கா உக்காருவா?"

அன்று சாயங்காலம் செம்பூரில் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் இதைச் சொன்னேன். சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன். ஆனால் அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஆளே இல்லையா? யார்டி சொன்னா?"

"யாரும் சொல்லலை. நானே பார்த்தேன்."

"வேற ஏதாவது பிராக்டீஸா இருக்கும். ரேஸ் அன்னிக்கு அங்க நிக்க இடம் இருக்காது."

அம்மா இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். ரேஸ் நடக்கும் நாட்களில் மட்டும் மைதானத்தில் டிக்கெட் ஜன்னலில் உட்கார்வாள். பந்தயம் கட்டுகிறவர்களுக்கு டிக்கெட் கொடுக்கிற ஜன்னல். அந்த நாளில் பல ஆபீஸ்காரர்கள் லீவு நாளில் அப்படி உபரி வேலை பார்த்தார்கள். மாட்டுங்காவில் எங்கள் தாத்தா வீட்டில் அதைக் "கவுண்டர் வேலை" என்று மட்டும்தான் சொல்வார்கள். என்ன கவுண்டர் என்று யாராவது கேட்டால் பேச்சு வேறு பக்கம் போகும். நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் "அவன் ரேஸுக்குப் போறவன்" என்றால், அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். அம்மா அதையெல்லாம் பொருட்படுத்தியதில்லை. வேலை பிடித்திருந்தது, போனாள்.

அடுத்த ரேஸ் அன்று போனில் படம் எடுத்து வந்து காட்டினேன். அம்மா இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"கழுவி விட்ட மாதிரின்னா இருக்கு. என்னாச்சு எல்லாருக்கும்?"

"தெரியலையே."

"என்னை ஒரு நாள் அழைச்சிண்டு போ. நான் ஒரு ரேஸ்கூடப் பார்த்ததில்லை தெரியுமோ?"

இதை நான் நம்பவில்லை. அப்புறம் அவள் சொல்லித்தான் புரிந்தது. ஜன்னல்கள் ஸ்டாண்டுக்கு அடியில், மைதானத்துக்கு முதுகு காட்டிய மாதிரி இருந்தன. குதிரைகள் கிளம்பிய உடனே ஜன்னலை மூடிவிட்டுக் கணக்கு முடிக்க வேண்டும். ஓட்டம் முழுவதும் தலைக்கு மேலே கூரைதான். ஆனால் சத்தம் வரும். எல்லாரும் பணம் கட்டிய குதிரை ஜெயித்தால் அந்த இரைச்சல் நீளமாக, கட்டடத்தையே ஆட்டுகிற மாதிரி இருக்குமாம். வேறேதாவது ஜெயித்தால் சட்டென்று அறுந்துவிடுமாம். வெளியே யாரும் சொல்லாமலே ஜன்னலுக்குள் இருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

"மூஞ்சிகூடத் தெரியாது. கம்பிக்கு அடியில சின்னச் சந்து. கை மட்டும்தான் உள்ள வரும்" என்றாள் அம்மா. "மோதிரம் போட்ட கை, மை பட்ட கை, நடுங்கற கை. கையைப் பார்த்தே வழக்கமா வர ஆளான்னு சொல்லிடுவேன்."

எனக்கு ஐம்பது வயது. இந்த ஊரிலேயே பிறந்தவள். அந்தச் சுவரைத் தாண்டி எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். உள்ளே போகலாம் என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. யாரும் தடுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. எந்த வாசலில் நுழைய வேண்டும், என்ன உடுத்த வேண்டும், பெண்கள் போனால் எப்படிப் பார்ப்பார்கள், ஒன்றும் தெரியாது. மறுநாள் பக்கத்து மேஜைக்காரியிடம் கேட்டேன். அவள் அங்கேயே போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டு என்னிடம் கொடுத்துவிட்டாள்.

"தாராளமா கூட்டிட்டு வாங்க. நான் கூட இருக்கேம்லா" என்றார் அவர். "அம்மாவ மட்டும் ரப்பர் செருப்பு போட்டுட்டு வர வேண்டாம்னு சொல்லுங்க. ஸ்டாண்டுல சில எடத்துல விடமாட்டாவ."

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் அதிகமில்லை. செம்பூரில் டாக்ஸி பிடித்தோம். சயான் சிக்னலில் அவர் ஏறிக்கொண்டார். தாராவியில் சொந்தமாகத் தோல் பை செய்யும் பட்டறை வைத்திருப்பவர், எழுபதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, ஷூவைப் பளபளவென்று துடைத்துக்கொண்டு வந்திருந்தார். காலையில் சர்ச்சுக்குப் போன உடுப்பு அப்படியே ரேஸுக்கும் ஆகிறது என்று அவரே சொல்லிச் சிரித்தார். முன் ஸீட்டில் உட்கார்ந்து திரும்பித் திரும்பி அம்மாவிடம் பேசிக்கொண்டு வந்தார்.

"நீங்க ஜன்னல்ல இருந்தியளாமே. அப்பம் நான் உங்ககிட்ட டிக்கெட் வாங்கியிருப்பேன்."

"கையைக் காட்டுங்கோ" என்றாள் அம்மா.

அவர் நிஜமாகவே கையை நீட்டினார். அம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஞாபகமில்லை" என்றாள். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வாசலில் அவர் முன்னால் போய்ச் சீட்டு வாங்கினார். காவலாளி எங்கள் பைகளைப் பார்த்தார். அம்மாவின் முட்டிக்காகப் படி குறைவான வழியாகச் சுற்றிப் போனோம். உள்ளே நுழைந்ததும் அம்மா நின்றுவிட்டாள்.

"எங்க எல்லாரும்?"

எனக்கும் அதே கேள்விதான். மேலே இருந்து பார்த்தபோது தூரத்தால் அப்படித் தெரிகிறது என்று ஒரு சந்தேகம் இருந்தது. இப்போது பக்கத்தில் நின்று பார்த்தாலும் படிகள் காலிதான். பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒரு நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து, அடுத்ததில் காலை நீட்டி, மூன்றாவதில் டீ கிளாஸை வைத்திருந்தார்.

அம்மா முதலில் ஜன்னல்களைப் பார்க்க வேண்டும் என்றாள். ஸ்டாண்டின் அடியில் போனோம். நீளமான கூடத்தில் பெரும்பாலான ஜன்னல்கள் அடைத்துக் கிடந்தன. சிலவற்றில் மட்டும் ஆட்கள் கம்ப்யூட்டர் முன் இருந்தார்கள். கம்பி இல்லை, கண்ணாடி இருந்தது. அம்மா தன்னுடைய ஜன்னல் எதுவென்று தேடினாள். கூடத்தையே மாற்றிக் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது, அவளுக்குப் பிடிபடவில்லை.

அப்போதுதான் திடீரென்று ஒரு சத்தம் கேட்டது. பத்து இருபது ஆண்கள் ஒரே மூலையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். "ஆரம்பிச்சுடுத்தா?" என்று அம்மா அவசரமாக அந்தப் பக்கம் நடந்தாள். அவர்கள் சுவரில் மாட்டியிருந்த டிவியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். டிவியில் வேறு ஊர் ரேஸ் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் முதுகுக்குப் பின்னால், கூடத்தின் வாசல் வழியாக, இந்த மைதானத்தின் புல் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அம்மா ஒருவரை நிறுத்தி, தன் மாட்டுங்கா ஹிந்தியில், வெளியே நிஜக் குதிரை இருக்கும்போது டிவியில் ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இங்கே அடுத்த ரேஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, மாதாஜி. நடுவில் அந்த ஊர், அப்புறம் இன்னொரு ஊர். சும்மா ஏன் உட்கார வேண்டும்?" என்றார்.

"அதுவும் வீட்டிலேயே பார்க்கலாமே?"

"வீட்டில் கத்த முடியாது" என்றார் அவர், மிகவும் நிதானமாக.

மணி அடித்தது. நாங்கள் வேலி ஓரமாகப் போய் நின்றோம். அந்த இடத்தில் எங்களைத் தவிர இரண்டு மூன்று பேர்தான். எதிர்க்கோடியில் ஓட்டம் கிளம்பும் கூண்டுகளுக்குள் குதிரைகளை விடுகிறார்கள் என்று தோல் பைக்காரர் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கிளம்பிவிட்டன என்று ஒலிபெருக்கி சொன்னது. அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. தூரத்தில் குதிரை ஓட்டும் ஜாக்கிகளின் தொப்பிகள் மட்டும் வேலிக்கு மேலே ஒரு கோடாகச் சறுக்கிக்கொண்டு போயின. கூட ஒரு ஆம்புலன்ஸ் ஓடியது. இதற்குத்தானா வந்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே குதிரைகள் வளைவில் திரும்பின.

முதலில் காலுக்கடியில் தரை அதிர்ந்தது. பிறகு சத்தம். தகரக் கூரையில் முதல் மழைத்துளிகள் விழுவதுபோல ஆரம்பித்து, நெருங்க நெருங்க நெஞ்சுக்குள் அடிக்கும் சத்தம். ஜாக்கிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்துவதும், சாட்டை படுவதும், குதிரைகள் மூச்சு விடுவதும்கூடக் கேட்டது. மண்ணும் புல்லும் தெறித்தன. அதற்குள் போய்விட்டன.

அம்மா வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தனை வருஷம் உள்ள உட்கார்ந்திருந்தேனே, இந்தச் சத்தம் கேட்டதே இல்லைடி" என்றாள். "ஜனங்க போட்ட கூச்சல்ல குதிரையே கேக்கலை."

அதற்குப் பிறகு அந்த அரை மணி நேரக் காத்திருப்பு. அம்மாவுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பக்கத்தில் கிடைத்தவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தாள்: ஏன் யாரும் வருவதில்லை? நான் சங்கடத்தோடு கூடவே போனேன், கொஞ்ச நேரத்தில் எனக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. சமோசா விற்கிறவர், பெரிய கோப்பைக்கான ரேஸ் அன்று மட்டும் தொப்பி வைத்துக்கொண்டு பணக்காரர்கள் வருவார்கள், போட்டோ எடுப்பார்கள், மற்ற நாளில் வியாபாரம் படுத்துவிடும் என்றார். செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஜோடி, இங்கே மற்றவர்களும் வரலாம் என்பதே போன வாரம்தான் தெரியும், மெம்பர்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்தோம் என்றார்கள். ஒரு பெரியவர் வரியைச் சொன்னார். கட்டுகிற பணத்தில் வரியாகப் போவது போக என்ன மிஞ்சுகிறது என்று கையை விரித்தார். கையில் போனை வைத்திருந்த ஓர் இளைஞன் போனிலேயே பந்தயம் கட்டுவதாகவும், அதிலும் கிரிக்கெட்டுக்கு மாறிவிட்டதாகவும் சொன்னான். குதிரையைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும், கிரிக்கெட் என்றால் எல்லாரையும் தெரியும் என்றான்.

யாரும் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்தக் காலிப் படிகளுக்கு விடை வந்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை. இந்த மைதானத்தைச் சுற்றித் தினமும் காலையில் எத்தனையோ பேர் நடக்கிறார்கள். எங்கள் ஆபீஸிலேயே சிலர் உண்டு. அவர்களில் ஒருவர்கூட மதியம் ரேஸ் பார்க்க வந்ததாகச் சொன்னதில்லை.

அடுத்து அம்மா டிக்கெட் வாங்க வேண்டும் என்றாள். ஜன்னலில் வேலை பார்த்தவர்கள் பந்தயம் கட்டக் கூடாது என்பதால் அந்நாளில் அவள் கட்டியதே இல்லை. தோல் பைக்காரர் எங்களைக் குதிரைகளை நடத்திக் காட்டும் வட்டத்துக்கு அழைத்துப் போனார். பளபளவென்று வியர்த்துக் குதித்துக்கொண்டு வந்த குதிரைகளை அம்மா கவனிக்கவில்லை. கடைசியில் ஒரு பழுப்புக் குதிரை நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு, சந்தைக்குப் போகிறவர்களின் நிதானத்தில் நடந்து வந்தது.

"அதுதான்."

"அம்மா, அதுக்குச் சான்ஸே கெடையாது" என்றார் தோல் பைக்காரர். "நான் சொல்லுததக் கேளுங்க, ரெண்டாவதா வருது பாருங்க, அதுல போடுங்க."

"எனக்கு அது தலையை ஆட்டற விதம் பிடிச்சிருக்கு. சின்னத் தொகைதானே?"

அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் போய் வாங்கிவந்தார்.

மறுபடி வேலி ஓரம். இந்த முறை கூண்டுகள் எங்களுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தன. கதவுகள் திறந்த மறு நொடி அம்மாவின் குதிரை ஒரு பக்கமாகத் தடுமாறியது, மேலே இருந்த ஜாக்கி பந்துபோல உருண்டு புல்லில் விழுந்தான்.

"ஐயோ, எழுந்துக்கறானா பாருடி!" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் எழுந்து உட்கார்ந்தான், பிறகு நின்றான். ஆம்புலன்ஸ் அவனருகே போய் நின்றது. அவன் ஏறவில்லை, வேலியைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தான்.

குதிரை நிற்கவில்லை. மேலே யாரும் இல்லாமல், கடிவாளம் தொங்க, மற்றவற்றோடு ஓடியது. முதலில் பின்னால்தான் இருந்தது. வளைவு திரும்பும்போது வெளிப்புறமாக வந்தது. நேர்கோட்டுக்கு வந்ததும் அதை அடக்கவோ ஏவவோ ஆள் இல்லாததால் தன் இஷ்டத்துக்கு நீளமாகக் காலை எடுத்துப் போட்டு ஒவ்வொன்றாகத் தாண்டியது. அப்போது ஒன்று நடந்தது. உள்ளே டிவி முன் நின்றவர்கள் எல்லாரும் வெளியே ஓடிவந்தார்கள். மூன்று நாற்காலிகளைப் பிடித்திருந்தவர் எழுந்து நின்றார். சமோசாக்காரர் விசில் அடித்தார். யாருக்கும் அதில் பைசா லாபமில்லை. ஆனாலும் கத்தினார்கள். குதிரை எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து கோட்டைத் தாண்டி, நின்று, சுற்றுமுற்றும் பார்த்தது.

"ஜெயிச்சுடுத்து!" அம்மா கை தட்டினாள்.

"இல்லம்மா, ஜாக்கி இல்லாம ஓடுனா கணக்குல வராது" என்றார் தோல் பைக்காரர்.

"ஓடினது அதுதானே?"

"ஓடுனது அதுதான். ரூல் அப்படி, என்ன செய்ய?"

அம்மா இதை ஏற்கவே இல்லை. டாக்ஸியில் திரும்பும்போதும் அதே பேச்சு. தாதர் தாண்டும்வரை அவர் சட்டதிட்டங்களை விளக்கிக்கொண்டு வந்தார். பிறகு அம்மா வேறொன்று சொன்னாள்.

"நான் என்ன நினைச்சிண்டிருந்தேன்னா, நாங்கதான் பாவம், உள்ள மாட்டிண்டிருக்கோம், மேல இருக்கறவா எல்லாரும் குதிரை பார்த்துண்டிருக்கான்னு. இப்போ தோணறது, அவாளும் பார்த்திருக்க மாட்டா. அவாளுக்கு வேண்டியது எங்க ஜன்னல்தான். ஜன்னல் இப்போ எல்லார் பையிலயும் இருக்கு. அப்பறம் எதுக்கு வரணும்?"

அவர் முன் ஸீட்டிலிருந்து திரும்பினார். "அப்படிச் சொல்லாதிய" என்றார். "நான் ஊர்ல இருந்து வந்த புதுசுல, தாராவில வாசல்ல நின்னா எதுத்த வீட்டுச் சுவருதான். கைய நீட்டினா இடிக்கும். ஒரு ஞாயித்துக்கெழமை யாரோ கூட்டிட்டு வந்தாவ. உள்ள வந்தா கண்ணு அப்படியே தூரமா போச்சு. குதிரை ஓடுது, கூடவே என் கண்ணும் ஓடுது. பந்தயம்லாம் பெறகு பழகினதுதான்."

"அப்ப உங்க தெருவுலேர்ந்து இன்னும் நாலு பேர் வரலாமே?" என்றேன் நான்.

"கூப்புட்டுப் பாத்துட்டேன். கண்ணு தூரமா போகணும்னா அவியளுக்கு கடலோரமா பேண்ட்ஸ்டாண்ட் இருக்கு, மால் இருக்கு. அங்கன போனா பொண்டாட்டியும் கூட வருவா. இங்கன போறேன்னா வீட்டுல ஒப்பாரி வைப்பாவ. எம் மகளே ஒரு நாளுதான வந்தா?"

அவர் சொன்னதையெல்லாம் நான் மறுநாள் அந்த மகளிடம் அப்படியே சொன்னேன். அவள் அப்பா அந்த எதிர்வீட்டுச் சுவரைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லையாம். கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். சீசன் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு நாள் தன் கல்லூரித் தோழிகள் இருவரோடு வருவதாக அவளே சொன்னாள். அம்மாவுக்கு அன்று முட்டி வலி, நான் மட்டும் போனேன்.

அந்தத் தோழிகள் முதல் ரேஸைப் போனில் வீடியோ எடுத்தார்கள், இரண்டாவதன்போது போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் போகிற வழியில், குதிரைகளை நடத்திக் காட்டும் வட்டத்தின் வேலியருகே ஒருத்தி நின்றாள். ஒரு கருங்குதிரை எங்களுக்கு நேர் எதிரே நின்று, பெரிதாகத் தும்மியது. மூவர் மேலும் தெறித்தது. கத்திக்கொண்டு பின்னால் குதித்தவர்கள், துடைத்துக்கொண்டு மறுபடி வேலியிடம் வந்தார்கள்.

"தொட்டுப் பார்க்கலாமா?" என்று முதலில் நின்றவள் குதிரையைப் பிடித்திருந்தவரிடம் ஹிந்தியில் கேட்டாள்.

முடியாது என்று அவர் தலையாட்டினார். ரேஸுக்கு முன்னால் யாரும் தொடக் கூடாதாம்.

"அப்போ ரேஸ் முடிந்ததும்?"

அப்படி இதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை போலிருக்கிறது. அவர் யோசித்துவிட்டு, முதலாளியைக் கேட்க வேண்டும் என்றார். "இது என்ன சாப்பிடும்? தூங்கும்போது படுத்துக்கொள்ளுமா? இதற்குத் தன் பேர் தெரியுமா?" என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியபடி குதிரையை மெல்ல நடத்தினார். மூன்று பெண்களும் வேலிக்கு இந்தப் பக்கம், அவர் கூடவே, வட்டத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள்.